விருது ஒரு கணக்கு, சீட் ஒரு கணக்கு, பணம் ஒரு கணக்கு: அமெரிக்கக் கல்லூரி விண்ணப்பத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் நடுவில், பள்ளி மாணவர்களுக்கான நேஷனல் மெரிட் என்ற ஸ்காலர்ஷிப் போட்டியின் செமிஃபைனலிஸ்ட் பட்டியல் வரும். அன்று அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் வாழ்த்துகள் குவியும். கூடவே இரண்டு கேள்விகளும் எழும். "இனிமேல் ஹார்வர்டு கிடைத்துவிடும்தானே?" "ஃபீஸில் எவ்வளவு குறைப்பார்கள்?" முதல் கேள்விக்கு யாராலும் ஆமென்று சொல்ல முடியாது. இரண்டாவதற்குத் தெளிவான பதிலே உண்டு: இந்த விருதுக்காக ஹார்வர்டு தன் கையிலிருந்து ஒரு டாலர்கூடத் தராது.

நாம் ஊரில் பார்த்துப் பழகியது ஒரே கோட்டில் போகும் கணக்கு. மார்க், கட்-ஆஃப், ரேங்க் பட்டியல், கவுன்சலிங், சீட். மார்க் கூடினால் மற்றதெல்லாம் தானாகக் கூடும். அமெரிக்காவில் விருது கொடுப்பது ஓர் அமைப்பு, சீட் கொடுப்பது கல்லூரியின் அட்மிஷன் அலுவலகம், பணத்தை முடிவு செய்வது அதே கல்லூரியின் இன்னொரு அலுவலகம். மூவரும் மூன்று விதமான கேள்விகளைக் கேட்கிறார்கள். ஒன்றில் ஜெயித்தால் மற்ற இரண்டும் கூடவே வந்துவிடும் என்று நம்புவதிலிருந்துதான் கீழே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை கிளம்புகின்றன.

1460 என்றால் எல்லாருக்கும் ஒரே 1460 என்று நினைப்பது

நேஷனல் மெரிட் 1955இல் தொடங்கியது. இதை நடத்துவது அரசாங்கமில்லை. நேஷனல் மெரிட் ஸ்காலர்ஷிப் கார்ப்பரேஷன் என்ற லாப நோக்கமற்ற தனி அமைப்பு. நுழைவுச்சீட்டு, எஸ்ஏடி என்ற கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு முன்னோட்டமாக 11ஆம் வகுப்பு அக்டோபரில் எழுதும் பிஎஸ்ஏடி தேர்வு. அதற்கு முன் 9ஆம் வகுப்பிலோ 10ஆம் வகுப்பிலோ எழுதியது எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும் பயிற்சிக் கணக்கில்தான் சேரும். 11ஆம் வகுப்பில் அந்த அக்டோபரைத் தவறவிட்டால் ஜனவரியில் மறுபடி எழுத வழியில்லை. உடம்பு சரியில்லாமல் போனது மாதிரியான காரணம் இருந்தால், தாமதிக்காமல் அந்த அமைப்புக்கு எழுதி மாற்று வழியில் நுழைய அனுமதி கேட்க வேண்டும். பள்ளி தானாகச் செய்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள்.

பிஎஸ்ஏடியின் மொத்த மதிப்பெண் 1520. ஆனால் நேஷனல் மெரிட் அந்த மொத்தத்தைப் பார்ப்பதில்லை. செலக்‌ஷன் இண்டெக்ஸ் என்று தனியாக ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ரீடிங்-ரைட்டிங் மதிப்பெண்ணை இரண்டால் பெருக்கி, அதோடு கணித மதிப்பெண்ணைக் கூட்டி, பத்தால் வகுப்பார்கள். உச்சம் 228.

நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் அடிபடுவது இங்கேதான். ஒரு பையன் கணிதத்தில் 760, ரீடிங்-ரைட்டிங்கில் 700 வாங்குகிறான், மொத்தம் 1460. அவன் இண்டெக்ஸ் 216. பக்கத்து வகுப்புப் பெண் அதையே திருப்பி வாங்குகிறாள்: ரீடிங்-ரைட்டிங் 760, கணிதம் 700. மொத்தம் அதே 1460தான். இண்டெக்ஸ் 222! கணிதத்தில் முழு மதிப்பெண்ணுக்காக மாதக்கணக்கில் டியூஷன் வைத்துவிட்டு, ஆங்கிலம் வாசிப்பில் தானாக வந்துவிடும் என்று விட்டுவிடும் வீடுகள் இந்த ஒரு பெருக்கலைக் கவனித்தாலே போதும்.

அப்புறம் கட்-ஆஃப். அது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். செமிஃபைனலிஸ்ட் இடங்களை மாநிலவாரியாகப் பிரித்துக் கொடுப்பதால், போட்டி அதிகமுள்ள இடத்தில் கோடு மேலே ஏறிவிடுகிறது. 2025இல் பள்ளி முடித்தவர்களுக்கு நியூஜெர்சியிலும் மாசசூசெட்ஸிலும் 223 தேவைப்பட்டது. அதே ஆண்டு கமெண்டட் என்ற அடுத்த நிலைப் பாராட்டுக்கு நாடு முழுவதும் ஒரே கோடு, 208. நியூஜெர்சியில் 221 வாங்கிய பிள்ளை கமெண்டட்டோடு நின்றுவிட, வேறு சில மாநிலங்களில் அதைவிடக் குறைவாக வாங்கியவர் செமிஃபைனலிஸ்ட் ஆகியிருப்பார். இது அநியாயமா என்று விவாதிக்கலாம்தான். ஆனால் அட்மிஷன் அலுவலர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். கமெண்டட் என்பதால் பிள்ளையின் வாய்ப்பு போய்விட்டது என்று வீட்டில் துக்கம் கொண்டாட ஒரு காரணமும் இல்லை.

செமிஃபைனலிஸ்ட் ஆனதும் வேலை முடிந்தது என்று நினைப்பது

பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதுகிறார்கள். அதில் சுமார் 16,000 பேர் செமிஃபைனலிஸ்ட். அவர்கள் அக்டோபருக்குள் ஒரு தனி விண்ணப்பம் அனுப்ப வேண்டும். கட்டுரை, பள்ளியின் பரிந்துரை, மதிப்பெண் பட்டியல், பிஎஸ்ஏடியை உறுதிப்படுத்தும் எஸ்ஏடி அல்லது ஏசிடி மதிப்பெண் என்று அத்தனையும் உண்டு. பல கல்லூரிகளுக்கும் பொதுவான காமன் ஆப் விண்ணப்பத்தின் கட்டுரைகளில் மூழ்கியிருக்கும் மாதம் அது என்பதால் இந்த விண்ணப்பம் கடைசி இரவுக்குத் தள்ளப்படும். ஒழுங்காகச் செய்தவர்களில் ஏறக்குறைய 15,000 பேர் ஃபைனலிஸ்ட் ஆகிறார்கள். ஃபைனலிஸ்ட்டுகளிலும் பாதிக்கும் குறைவானவர்களுக்கே இந்தத் திட்டத்தின் வழியாக ஸ்காலர்ஷிப் கிடைக்கிறது. அதில் எல்லாருக்கும் தெரிந்த தேசிய ஸ்காலர்ஷிப்பின் தொகை 2,500 டாலர். வருடத்துக்கு அவ்வளவு என்று நினைத்துவிடாதீர்கள், ஒரே ஒரு தடவைதான். பெயர் பெற்ற தனியார் கல்லூரிகள் பலவற்றில் ஓர் ஆண்டுச் செலவே 90,000 டாலருக்கு அருகில் வந்துவிட்ட காலத்தில் இது எந்த மூலைக்கு?

காலக்கணக்கையும் பாருங்கள். ஃபைனலிஸ்ட் செய்தி பிப்ரவரியில்தான் வரும். விண்ணப்பங்கள் நவம்பரிலும் ஜனவரித் தொடக்கத்திலும் போய்ச் சேர்ந்துவிட்டிருக்கும். ஆகவே கல்லூரி உங்கள் பிள்ளையின் விண்ணப்பத்தைப் படிக்கும்போது அதில் இருப்பது 'செமிஃபைனலிஸ்ட்' என்ற சொல் மட்டுமே. மேல்வரிசைக் கல்லூரிகளில் அந்தச் சொல்லை எழுதாத விண்ணப்பங்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான், ஆனால் ரொம்ப மிகை இல்லை. ஹார்வர்டில் ஓர் ஆண்டில் சேரும் புதிய மாணவர்கள் சுமார் 1,650 பேர். செமிஃபைனலிஸ்ட்டுகள் 16,000 பேர். வகுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணம் இல்லாத இடத்தில் பணம் தேடுவது

ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் உள்ளிட்ட எட்டு ஐவி லீக் கல்லூரிகளும், திறமையை மட்டும் பார்த்துத் தரும் மெரிட் ஸ்காலர்ஷிப் கொடுப்பதில்லை. எம்ஐடியும் அப்படித்தான். அங்கே கிடைக்கும் உதவி முழுவதும் குடும்ப வருமானத்தையும் சொத்தையும் பார்த்துக் கொடுப்பது. வருமானம் குறைவான குடும்பத்துக்கு இந்தக் கல்லூரிகள் மாநிலப் பல்கலைக்கழகத்தைவிட மலிவாக அமையலாம். கணவன் மனைவி இருவரும் ஐடி வேலையில் இருக்கும் வீட்டுக்கு, பிள்ளை எத்தனை விருது வாங்கியிருந்தாலும், பெரும்பாலும் முழுக் கட்டணம்தான்.

பொதுப் பல்கலைக்கழகங்களிலும் எல்லாம் ஒன்று போல இல்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 2005இல் நேஷனல் மெரிட்டுக்குப் பணம் ஒதுக்குவதை நிறுத்த முடிவெடுத்தது. ஆஸ்டினில் இருக்கும் டெக்சஸ் பல்கலைக்கழகம் 2009இல் விலகிக்கொண்டது. அந்தப் பணத்தைத் தேவை உள்ளவர்களுக்குத் திருப்புகிறோம் என்பதே அவர்கள் சொன்ன காரணம். மறுபக்கம் அலபாமா பல்கலைக்கழகம், டாலஸில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம், ஒக்லஹோமா பல்கலைக்கழகம் போன்றவை ஃபைனலிஸ்ட்டுகளை இழுப்பதற்கென்றே பெரிய தொகைகளை வைத்திருக்கின்றன. ஃப்ளோரிடா மாநிலத்துக்குப் பெனாக்விஸ்டோ ஸ்காலர்ஷிப் என்று ஒன்று உண்டு. தகுதி பெற்ற நேஷனல் மெரிட் மாணவர் அந்த மாநிலக் கல்லூரியில் சேர்ந்தால் டியூஷன் மட்டுமன்றித் தங்குவது, சாப்பிடுவது வரை ஈடுகட்டும் அளவுக்கு அது பெரியது. ஒரே விருது, ஆஸ்டினில் பூஜ்ஜியம், டாலஸில் பெருந்தொகை. விருதுக்கென்று நிலையான விலை ஏதும் இல்லை, எந்தக் கல்லூரிக்கு அது தேவைப்படுகிறதோ அங்கே மட்டும் அதற்கு விலை.

ஏன் தேவைப்படுகிறது? தங்கள் வகுப்பின் சராசரியை உயர்த்திக்கொள்ள விரும்பும் கல்லூரி, அதைச் செய்யக்கூடிய மாணவருக்குப் பணம் கொடுக்கிறது. ஏற்கெனவே அப்படிப்பட்டவர்களால் நிரம்பி வழியும் கல்லூரிக்கு அந்த அவசியம் இல்லை. எனவே மெரிட் பணம் வேண்டுமென்றால், உங்கள் பிள்ளையின் மதிப்பெண் அந்தக் கல்லூரியில் சேர்பவர்களின் மேல் கால்பங்கில் இருக்கும்படியான கல்லூரிகளைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். நம் ஆட்கள் செய்வது இதற்கு நேர்மாறு. எட்டாத உயரத்தில் பத்து, 'சேஃப்டி'க்கு என்று மனசில்லாமல் இரண்டு. அந்த இரண்டின் விண்ணப்பத்தில் ஆர்வமே இல்லாமல் எதையோ எழுதி அனுப்பிவிட்டு, மெரிட் ஏன் குறைவாக வந்தது என்று ஏப்ரலில் கேட்பது.

இதைக் கண்டுபிடிக்க யாரிடமும் காசு கொடுத்து ஆலோசனை கேட்க வேண்டியதில்லை. பெரும்பாலான கல்லூரிகள் காமன் டேட்டா செட் என்ற ஆவணத்தை ஆண்டுதோறும் வெளியிடுகின்றன. அதில் சி7 என்ற பகுதியில், சேர்க்கையில் எதற்கு எவ்வளவு முக்கியத்துவம் என்று கல்லூரியே குறித்திருக்கும். எச்2ஏ என்ற பகுதியில், நிதித் தேவை இல்லை என்று கணக்கிடப்பட்ட எத்தனை பேருக்கு மெரிட் கிடைத்தது, சராசரி எவ்வளவு என்று எண்ணே இருக்கும். அங்கே பூஜ்ஜியம் போட்டிருந்தால் கதை முடிந்தது. அதோடு, உங்கள் குடும்பம் உத்தேசமாக எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்று காட்டும் நெட் பிரைஸ் கால்குலேட்டரைக் கல்லூரிகள் தங்கள் இணையதளத்தில் வைக்க வேண்டும் என்பது 2011 முதல் கட்டாயம். நம் வீடுகளில் பலர் இதை விண்ணப்பித்த பிறகுதான் திறந்து பார்க்கிறார்கள். 11ஆம் வகுப்புக் கோடையில், வருமான விவரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் பட்டியலில் பாதி தானாக மாறிவிடும்.

நேஷனல் மெரிட்டிலேயே இன்னொரு சிக்கல். கல்லூரி தரும் நேஷனல் மெரிட் தொகை வேண்டுமென்றால், அந்தக் கல்லூரியை 'முதல் விருப்பம்' என்று நேஷனல் மெரிட் அமைப்பிடம் நீங்கள் தெரிவித்திருக்க வேண்டும். கல்லூரியில் சேர்ந்துவிட்டால் போதாது. அமைப்பின் பக்கத்திலும் அது பதிவாகியிருக்க வேண்டும். எங்கே சேர்வது என்று முடிவாகாதவரை அங்கே 'தீர்மானிக்கவில்லை' என்று விட்டுவைக்கலாம், தவறில்லை. ஆனால் கெடு கல்லூரிக்குக் கல்லூரி வேறு. அந்தத் தேதியைக் கேட்டு நாட்காட்டியில் குறிக்காமல் விட்டு, நான்கு ஆண்டு டியூஷனை ஒரு க்ளிக்கில் இழக்கக் கூடாது.

ரேங்க் இருந்தால் விரும்பிய பிரிவும் கிடைக்கும் என்று நம்புவது

டெக்சஸில் பிளேனோ, ஃப்ரிஸ்கோ பக்கம் இருப்பவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். டெக்சஸில் பள்ளியில் முதல் பத்து சதவீதத்துக்குள் வந்தால் பொதுப் பல்கலைக்கழகத்தில் தானியங்கிச் சேர்க்கை என்று 1997இல் சட்டம் வந்தது. ஆஸ்டினுக்கு மட்டும் தனி ஏற்பாடு. பல ஆண்டுகளாக 6 சதவீதம் என்றிருந்தது, 2026 இலையுதிர்காலச் சேர்க்கை முதல் 5 சதவீதம் ஆகிறது. சரி, 5 சதவீதத்துக்குள் வந்தாயிற்று. அந்தச் சட்டம் தருவது பல்கலைக்கழகத்தில் ஓர் இடம். கம்ப்யூட்டர் சயின்ஸோ இன்ஜினியரிங்கோ அல்ல. அந்தப் பிரிவுகளுக்குத் தனியாக முழு விண்ணப்பத்தையும் படித்துத்தான் எடுக்கிறார்கள். ரேங்க் இருக்கிறதே என்று கட்டுரைகளை ஒப்புக்கு எழுதிய பிள்ளைக்கு ஆஸ்டினில் சீட் வரும், கேட்காத பாடப்பிரிவில்.

பள்ளியில் முதலிடம் பெற்றவருக்கு டெக்சஸ் பொதுப் பல்கலைக்கழகங்களில் முதல் ஆண்டு டியூஷன் விலக்கு உண்டு. இது பலருக்குத் தெரியாமலே போகிறது. பள்ளி தரும் சான்றிதழைப் பத்திரமாக வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜிபிஏ என்ற மதிப்பெண் சராசரி பற்றியும் ஒரு வார்த்தை. பள்ளிச் சீட்டில் 4.7 என்று இருப்பதைப் பெரும்பாலான கல்லூரிகள் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் தானே புதிதாகக் கணக்குப் போடும். 10, 11ஆம் வகுப்புப் பாடங்கள் மட்டும். ஆனர்ஸ், ஏபி போன்ற உயர்நிலைப் பாடங்களுக்கான கூடுதல் புள்ளி எட்டு செமஸ்டர் வரைதான். பதினாறு ஏபி எடுத்தாலும் அந்த வரம்பு கூடாது. எஸ்ஏடி மதிப்பெண்ணையோ, சேர்க்கை முடிவுக்கு அங்கே பார்ப்பதே இல்லை.

ஐந்து வரிகளை வீணாக்குவது

காமன் ஆப் விண்ணப்பத்தில் விருதுகளுக்கு ஐந்து வரிகள்தான் உண்டு. ஒவ்வொன்றுக்கும் நூறு எழுத்துகள், அவ்வளவே. பள்ளி, மாநிலம், தேசியம், சர்வதேசம் என்று நிலையைக் குறிக்க வேண்டும். இந்த ஐந்தில் மூன்றை ஏபி ஸ்காலர், ஆனர் ரோல், நேஷனல் ஆனர் சொசைட்டி உறுப்பினர் என்று நிரப்பும் விண்ணப்பங்கள் ஏராளம். ஏபி ஸ்காலர் என்பது மூன்று ஏபி தேர்வுகளில் 3 அல்லது அதற்கு மேல் வாங்கினால் தானாக வரும் பட்டம். 'வித் டிஸ்டிங்க்‌ஷன்' என்றால் ஐந்து தேர்வுகளில் 3 அல்லது அதற்கு மேல், மொத்தச் சராசரி குறைந்தது 3.5. இதோடு ஒரு பைசாவும் வருவதில்லை. ஏபி மதிப்பெண்களை விண்ணப்பத்தில் தனியாகக் கொடுத்திருக்கும்போது, அதே தகவலை விருது என்ற பெயரில் திரும்பச் சொல்வதால் படிப்பவருக்குப் புதிதாக எதுவும் கிடைப்பதில்லை. வேறு ஒன்றும் இல்லையென்றால் எழுதுங்கள். வேறு இருந்தால் இதை விடுங்கள்.

எது எடைபோடுகிறது? தானாக வராமல், தேடிச் செய்த வேலைக்கு யாரோ படித்துப் பார்த்துக் கொடுத்தது. ரீஜெனரான் சயின்ஸ் டேலண்ட் சர்ச் நல்ல உதாரணம். 1942இல் வெஸ்டிங்ஹவுஸ் பெயரில் தொடங்கிய அறிவியல் ஆராய்ச்சிப் போட்டி. முதல் 300 பேருக்கு ஆளுக்கு 2,000 டாலர், அவர்களுள் இறுதிச் சுற்றுக்குப் போகும் 40 பேருக்குக் குறைந்தது 25,000, முதல் பரிசு 2,50,000 டாலர். இங்கே சேர்க்கைக்கு உதவுவது பரிசைவிட அதன் பின்னால் இருக்கும் ஆராய்ச்சிதான். போட்டிக்கு அனுப்பி எதுவும் கிடைக்காமல் போன பிள்ளையும் அந்த ஆராய்ச்சியை வைத்துக் கட்டுரை எழுதலாம், ஆசிரியரிடம் அதைப் பற்றிப் பரிந்துரையில் சொல்லும்படி கேட்கலாம்.

தபாலில் வரும் தங்க எழுத்துக் கடிதங்களையும் இங்கேயே முடித்துவிடலாம். "உங்கள் மகள் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறார்" என்று தொடங்கி, நான்காவது பத்தியில் உறுப்பினர் கட்டணம் எவ்வளவு என்று சொல்லும் கௌரவச் சங்கங்கள். வாஷிங்டனில் ஒரு வாரம் தலைமைப் பயிற்சி, சில ஆயிரம் டாலர். பிள்ளைக்கு ஊர் சுற்ற ஆசை என்றால் அனுப்புங்கள். அட்மிஷனுக்காக அனுப்பாதீர்கள், காசு கொடுத்தால் கிடைக்கும் பட்டம் எது என்று படிப்பவர்களுக்கு மனப்பாடம்.

கடிதத்தில் இருக்கும் பெரிய எண்ணைப் பார்த்து மயங்குவது

"வருடத்துக்கு 25,000 டாலர் டீன்ஸ் ஸ்காலர்ஷிப்" என்று ஒரு தனியார் கல்லூரியிலிருந்து கடிதம் வருகிறது. வீடே கொண்டாடுகிறது. அங்கே பட்டியல் விலை 85,000 என்று வைத்துக்கொள்வோம். கட்ட வேண்டியது இன்னும் 60,000. உங்கள் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஸ்காலர்ஷிப்பே இல்லாமல் 35,000தான் ஆகும் என்றால் எது மலிவு? தனியார் கல்லூரிகள் புதிய மாணவர்களுக்குக் கொடுக்கும் தள்ளுபடி, கட்டண வருவாயில் சராசரியாகப் பாதிக்கும் மேல் போய்விட்டது. அதாவது அங்கே அந்தப் பட்டியல் விலையைக் கொடுப்பவர்தான் விதிவிலக்கு. ஆடித் தள்ளுபடி பார்த்து வளர்ந்த நாம் இதை உடனே புரிந்துகொள்ள வேண்டாமா? கழித்த தொகையை விட்டுவிட்டு, கையிலிருந்து போகும் தொகையை மட்டும் ஒரு தாளில் எழுதி ஒப்பிட வேண்டும்.

பெயரும் ஏமாற்றும். மாசசூசெட்ஸில் ஜான் அண்ட் அபிகெயில் ஆடம்ஸ் ஸ்காலர்ஷிப் என்று ஒன்று. மாநிலத் தேர்வில் நன்றாகச் செய்தவர்களுக்கு, மாநிலக் கல்லூரிகளில் 'டியூஷன் இலவசம்' என்று சொல்லப்பட்டது. ஆம்ஹெர்ஸ்டில் உள்ள மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் அந்த இலவசத்தின் மதிப்பு ஆண்டுக்கு 1,714 டாலர். உள்மாநில மாணவர் அங்கே கட்டும் டியூஷனும் இதரக் கட்டணமும் சேர்ந்து 17,000க்கு மேல். திட்டம் தொடங்கியபோது 'டியூஷன்' என்ற வரியில் இருந்தது அந்தச் சிறு தொகைதான், மிச்சமெல்லாம் வேறு பெயரில் வந்த கட்டணம். எந்த ஸ்காலர்ஷிப்பிலும் அது எந்தக் கட்டணத்தை ஈடுகட்டுகிறது என்ற அந்த ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்.

கடிதத்தில் 'அவார்டு' என்ற தலைப்பின் கீழ் கடனையும் சேர்த்து எழுதும் பழக்கம் கல்லூரிகளுக்கு உண்டு. கிராண்ட், ஸ்காலர்ஷிப் இரண்டும் திருப்பித் தர வேண்டாதவை. லோன் கடன். வொர்க்-ஸ்டடி என்பது பிள்ளை வேலை பார்த்துச் சம்பாதிக்க வேண்டியது. மூன்றையும் கூட்டி வந்த எண்ணை நம்பிச் சேரக் கூடாது.

அடுத்து, நான்கு ஆண்டும் நீடிக்குமா என்பது. பெரும்பாலான மெரிட் தொகைகளுக்குக் கல்லூரி ஜிபிஏ நிபந்தனை உண்டு. ஜார்ஜியாவின் ஹோப் ஸ்காலர்ஷிப் 1993 முதல் லாட்டரிப் பணத்தில் நடக்கிறது. அதைத் தக்கவைக்க 3.0 வேண்டும். அதற்கு மேல்நிலையில் உள்ள ஜெல் மில்லர் ஸ்காலர்ஷிப்புக்கு 3.3. ஆர்ட்ஸ் பிரிவில் 3.3 ஒன்று, ஜார்ஜியா டெக் இன்ஜினியரிங்கில் 3.3 வேறொன்று. முதல் செமஸ்டரில் கால்குலஸும் இயற்பியலும் சேர்ந்து அடிக்கும்போது, ஒரு 'சி' கிரேடு ஆயிரக்கணக்கான டாலராக மாறிவிடுகிறது. நிபந்தனை என்ன, ஒரு தடவை தவறினால் திரும்பப் பெற வழி உண்டா, ஐந்தாவது ஆண்டு படிக்க நேர்ந்தால் பணம் உண்டா, பிரிவு மாறினால் என்ன ஆகும் என்று சேர்வதற்கு முன்பே மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

வெளியிலிருந்து வரும் ஸ்காலர்ஷிப்பில் இன்னொரு வலி. தேவை அடிப்படையில் உதவி வாங்கும் பிள்ளை வெளியே 3,000 டாலர் ஜெயித்தால், கல்லூரி தான் தரும் தொகையில் 3,000ஐக் குறைத்துவிடலாம். நல்ல கல்லூரியாக இருந்தால் முதலில் கடனையும் வொர்க்-ஸ்டடியையும் குறைக்கும். இல்லையென்றால் நேராக கிராண்டில் கைவைக்கும். மேரிலாந்து 2017இல் பொதுக் கல்லூரிகளில் இதற்குத் தடை போட்டது. பிறகு வேறு சில மாநிலங்களும் வந்தன. உங்கள் கல்லூரியின் கொள்கை என்னவென்று தெரியாமல், பிள்ளையை வார இறுதிகளில் இருபது ஸ்காலர்ஷிப் கட்டுரைகள் எழுத உட்காரவைக்காதீர்கள்.

வரியும் உண்டு. டியூஷன், கட்டாயக் கட்டணங்கள், பாடப் புத்தகங்களுக்குப் போகும் ஸ்காலர்ஷிப்புக்கு வருமான வரி இல்லை. தங்கும் செலவுக்கும் சாப்பாட்டுக்கும் போகும் பகுதிக்கு உண்டு. முழுச் செலவும் கிடைத்த பிள்ளையின் வீட்டில்தான் ஏப்ரல் மாதம் இந்த அதிர்ச்சி வரும்.

விசாவை மறந்துவிட்டுக் கணக்குப் போடுவது

இதைப் பற்றி நம்மவர்கள் வெளிப்படையாகப் பேசுவது குறைவு. எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்குத் தரும் எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகள் இங்கேயே வளர்ந்து, இங்கேயே படித்து, வகுப்பில் முதலாவதாக வந்திருப்பார்கள். பள்ளி வரை விசா ஒரு பொருட்டாகவே இருந்திருக்காது. கல்லூரிக்குப் போகும்போது ஒவ்வொரு கதவிலும் வேறு வேறு விதி.

நேஷனல் மெரிட்டில், அமெரிக்காவுக்குள் பள்ளியில் படிப்பவர்களிடம் இப்போது குடியுரிமை கேட்பதில்லை. வெளிநாட்டில் இருந்து எழுதுபவர்களுக்குத்தான் அந்த நிபந்தனை. ஆனால் 1964இல் தொடங்கிய யு.எஸ். பிரசிடென்ஷியல் ஸ்காலர் கௌரவத்துக்குக் குடியுரிமையோ பச்சை அட்டையோ வேண்டும். ஃபாஃப்சா என்ற விண்ணப்பத்தின் வழியாக வரும் மத்திய அரசு உதவி எச்-4 மாணவருக்கு இல்லை. ஜார்ஜியாவின் ஹோப், ஃப்ளோரிடாவின் பிரைட் ஃபியூச்சர்ஸ் போன்ற மாநில மெரிட் திட்டங்களும் குடியுரிமை அல்லது அதற்கு இணையான தகுதி கேட்கின்றன. பத்து ஆண்டுகள் அந்த மாநிலத்திலேயே வரி கட்டியவர் என்பது அங்கே செல்லாது. உள்மாநிலக் கட்டணம் கிடைக்குமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கல்லூரி தன் சொந்தப் பணத்தில் தரும் மெரிட்டில் சில இடங்களில் எச்-4 பிள்ளையை உள்நாட்டு மாணவராக வைப்பார்கள், சில இடங்களில் வெளிநாட்டு மாணவர்களோடு சேர்த்துவிடுவார்கள். பின்னதில் பணம் பெரும்பாலும் குறைவு.

இன்னும் பெரிய ஆபத்து 21 வயது. பச்சை அட்டை வரிசையில் ஆண்டுக்கணக்கில் நிற்கும் குடும்பத்தில், அட்டை வருவதற்குள் பிள்ளைக்கு 21 ஆகிவிட்டால் எச்-4 போய்விடும். எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும். அது நடப்பது பெரும்பாலும் கல்லூரியின் மூன்றாம், நான்காம் ஆண்டில். மாணவர் 'வெளிநாட்டவர்' ஆனபின் உள்மாநிலக் கட்டணம் நீடிக்குமா, மெரிட் தொகை நீடிக்குமா என்பது கல்லூரியின் விதியைப் பொறுத்தது. சேர்வதற்கு முன்பே ஃபைனான்ஷியல் எய்ட் அலுவலகத்திடமும், கட்டண வகையைத் தீர்மானிக்கும் ரெசிடென்சி அலுவலகத்திடமும் தனித்தனியாகக் கேளுங்கள். இருவரும் இரண்டு பதில் சொல்வது சாதாரணம்.

தேதியைக் கோட்டை விடுவது

மெரிட்டுக்கான கெடு சேர்க்கைக்கான கெடுவுக்கு முன்னால் வரும் கல்லூரிகள் நிறைய. தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பெரும்பாலான மெரிட் ஸ்காலர்ஷிப்களுக்கு நவம்பர் 1க்குள் போக வேண்டும். ஜனவரியில் விண்ணப்பித்தால் பெரும்பாலும் சீட்டுக்கு மட்டுமே பரிசீலிப்பார்கள். வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் பெரிய ஸ்காலர்ஷிப்களுக்குத் தனி விண்ணப்பம். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஜெஃபர்சன் ஸ்காலர்ஷிப்புக்குப் பிள்ளை நேரடியாக விண்ணப்பிக்கவே முடியாது, பெரும்பாலும் பள்ளிதான் பரிந்துரைக்க வேண்டும். பள்ளிக் கவுன்சலரிடம் 11ஆம் வகுப்பு முடியும்போதே இதைச் சொல்லிவைக்காவிட்டால் அந்தப் பேச்சே எழாது. எஸ்ஏடி கட்டாயமில்லை என்று சேர்க்கைக்குச் சொல்லும் கல்லூரி, மெரிட்டுக்கு மதிப்பெண் கேட்கலாம்; அதையும் தனியாகப் பாருங்கள்.

எர்லி டிசிஷன் என்பது கட்டுப்பாடுள்ள ஒப்பந்தம். கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும், மற்ற கல்லூரிகளின் விண்ணப்பங்களைத் திரும்பப் பெற வேண்டும். வாய்ப்பு கூடும் என்பதற்காக இதில் போகிறார்கள். ஆனால் நான்கு கல்லூரிகளின் மெரிட் கடிதங்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் உரிமை போய்விடும். பணத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டிய குடும்பத்துக்கு எர்லி ஆக்‌ஷன்தான் சரி. முன்னாலேயே பதில் வரும், கையும் கட்டப்படாது.

கடிதங்கள் எல்லாம் வந்தபின், மே 1க்கு முன் ஒரு வேலை மிச்சம். மெரிட் தொகையைக் கூட்டித் தரும்படி கேட்கலாம். நம்மில் பலருக்குக் கூச்சம். பேரம் பேசுவதாக நினைத்துக்கொள்வார்களோ என்று. கல்லூரிகள் இதை எதிர்பார்த்தே இருக்கின்றன. கேட்பது பிள்ளையின் பெயரில், அவளுடைய மின்னஞ்சலிலிருந்து போனால் நல்லது. இந்தக் கல்லூரிதான் விருப்பம் என்பது, அதே தரத்தில் உள்ள இன்னொரு கல்லூரி கொடுத்த தொகை, விண்ணப்பத்துக்குப் பிறகு வந்த புதிய செய்தி ஏதாவது இருந்தால் அது (ஃபைனலிஸ்ட் ஆனது இங்கேதான் பயன்படும்), எவ்வளவு கிடைத்தால் சேர முடியும் என்ற எண். நான்கைந்து வரி போதும், இணைப்பில் அந்த இன்னொரு கடிதம். எல்லா இடத்திலும் பலிக்காது. பொதுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் மறுத்துவிடும், நடுத்தரத் தனியார் கல்லூரிகள் பல சமயம் இறங்கி வரும். ஏப்ரல் முதல் வாரத்திலேயே அனுப்புங்கள். மாதக் கடைசியில் அவர்கள் கையில் பணம் மீதி இருக்காது.